செமஸ்டர் தேர்வுக்கு ஆறு வாரம்: முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறை

பன்னிரண்டாம் வகுப்பு வரை நம்மைப் படிக்க வைக்க ஆள் இருந்தது. வாரத் தேர்வு, திருப்புதல் தேர்வு, காலைச் சிறப்பு வகுப்பு, மதிப்பெண் குறைந்தால் வீட்டுக்குப் போன் என்று பள்ளி துரத்திக்கொண்டே இருந்தது. கல்லூரியில் யாரும் துரத்துவதில்லை. தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் நவம்பர் தேர்வு வந்து நிற்கிறது. முதல் செமஸ்டரிலேயே அரியர் வைக்கிற பிள்ளைகளில் பலர் படிக்காதவர்கள் அல்லர். நிறையப் படித்துவிட்டு, ஒரு முறைகூட எழுதிப் பார்க்காமல் தேர்வறைக்குப் போனவர்கள். மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் முதல் முறையாக செமஸ்டர் எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது தொடங்குங்கள்.

முதல் படி: புத்தகத்துக்கு முன் வினாத்தாள்

கல்லூரி நூலகத்திலோ துறையிலோ கேட்டுப் பழைய வினாத்தாள்களை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே பாடத்திட்டத்தின் நகலும் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 25 என்பது இங்கே பழக்கமான கணக்கு. அந்த 75-ஐ ஒரு மதிப்பெண் வினா பத்து, ஏழு மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று என்று பிரிப்பது பரவலாக இருக்கிறது. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் வினாத்தாள் அமைப்பைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. ஆகவே உங்கள் துறையின் தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாடத்திட்டத்தின் ஐந்து அலகில் (யூனிட்டில்) மூன்றைப் படித்தால் போதும் என்று விடுதியில் ஒரு அண்ணன் கட்டாயம் சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு மதிப்பெண் பகுதியில் ‘அல்லது’ போட்ட இரண்டு வினாக்களும் ஒரே அலகிலிருந்து வந்தால், விட்ட அலகுக்கு ஏழும் போயிற்று. ஒரு மதிப்பெண் வினாக்களில் அலகுக்கு இரண்டு. இரண்டு அலகை விட்டால் 18 மதிப்பெண் உட்காருவதற்கு முன்பே கழிந்துவிடும். மீதியை ஒரு பிழையில்லாமல் எழுதினாலும் 57தான். யார் பிழையில்லாமல் எழுதுகிறார்கள்? நேரம் குறைவென்றால் ஐந்து அலகிலும் முக்கியமான வினாக்களை எடுத்துப் படியுங்கள். அலகையே தூக்கி எறியாதீர்கள்.

இரண்டாம் படி: பொய் சொல்லாத அட்டவணை

வண்ணப் பேனாவில் கட்டம் போட்டு அழகு பார்ப்பதில் ஒரு மாலைப் பொழுது போய்விடும். ஒரு தாளில் ஆறு வாரத்தையும் எழுதி, முதலில் படிக்க முடியாத நாட்களை அடியுங்கள். ஏப்ரல் தேர்வுக்குப் படிப்பவர்கள் சித்திரைத் திருவிழாவை மறக்க வேண்டாம். மீனாட்சி திருக்கல்யாணத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் வீடு நிறைய உறவினர் வந்துவிடுவார்கள். அன்றைக்கு இரண்டு அலகு முடிப்பேன் என்று எழுதி வைப்பது வீண். ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டும் நாட்களும் அப்படியே.

உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு வீட்டில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம் என்றால் ஒன்றரை என்றே எழுதுங்கள். நெரிசலில் நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியாது. ஆனால் நேற்று படித்த தலைப்புகளைக் கண்ணை மூடி ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவரலாம். வீட்டில் இடம் இல்லாதவர்களுக்குச் சிம்மக்கல் மைய நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. கும்பலாகப் போனால் படிப்பு நடக்காது, பேச்சுத்தான் நடக்கும்.

மூன்றாம் படி: மூடிவிட்டு எழுதுவது

ஆறு வாரத்தில் பாதி நேரம் இதற்குத்தான். மஞ்சள் மையால் வரி வரியாகக் கோடு போடுவதும் அதே பக்கத்தை நான்கு முறை வாசிப்பதும் படித்த திருப்தியைத் தரும், விடையைத் தராது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நம் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பழைய வினாத்தாளிலிருந்து ஒரு வினா எடுங்கள். அதற்கான பக்கங்களைப் புரியும்படி ஒரு முறை படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் ஓரத்தில் குறியுங்கள். மறுநாள் எழுதும்போது அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

‘தேவை விதியை வரைபடத்துடன் விளக்குக’ என்ற பொருளியல் வினாவை எடுத்துக்கொள்வோம். விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும், விலை இறங்கினால் கூடும் என்பதுதான் அந்த விதி. முதல் முறை மூடி எழுதும்போது விதியின் வரையறை வரும், கீழ்நோக்கிச் சரியும் கோடு வரும். அநேகமாக விட்டுப்போவது எடுகோள்கள்: நுகர்வோரின் வருமானம், விருப்பம், மற்றப் பொருட்களின் விலை ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும். வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர் எழுதாமல் விடுவதும் வழக்கம். விலை செங்குத்து அச்சில், அளவு கிடை அச்சில்.

விதிவிலக்கு எழுதும் இடத்தில் மதுரைப் பிள்ளைகளுக்கு மல்லிகைப் பூ நினைவுக்கு வரும். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை ஏறினாலும் வாங்குகிறார்களே, அது விதிவிலக்குத்தானே என்று எழுதிவிடுவார்கள். அது விதிவிலக்கு அன்று. கல்யாணங்களால் தேவையே கூடிவிட்டது. தேவைக் கோடு முழுவதும் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது, அதனால்தான் விலை ஏறியது. விதிவிலக்கு என்றால் கிஃபன் பொருள் (விலை ஏறியும் ஏழைகள் கூடுதலாக வாங்கும் மலிவான அடிப்படை உணவு), வெப்லன் பொருள் (விலை அதிகம் என்பதாலேயே பகட்டுக்கு வாங்குவது) என்று எழுத வேண்டும். வாசிக்கும்போது இந்தக் குழப்பம் கண்ணில் படாது. எழுதி, புத்தகத்தோடு ஒப்பிடும்போதுதான் அகப்படும்.

கணக்குப்பதிவியல், புள்ளியியல், இயற்பியல் கணக்குகளுக்கும் இதே முறைதான். போட்டுவைத்த கணக்கைக் கண்ணால் பார்த்துத் தலையாட்டுவதைப் படிப்பில் சேர்க்காதீர்கள். தமிழ் வழியில் படித்து ஆங்கில வழியில் சேர்ந்தவர்கள் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். மூடி எழுதுவது மட்டும் தேர்வெழுதும் மொழியிலேயே இருக்கட்டும்.

நான்காம் படி: இடைவெளி விட்டுத் திரும்புவது

படித்தது முதல் சில நாட்களில்தான் வேகமாக மறக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் வெளியிட்ட முடிவு இது. எழுதிய தாளின் மூலையில் தேதி போட்டு வையுங்கள். மறுநாள் ஒரு முறை, நான்கைந்து நாள் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை எழுதினால் போதும். ஒரே நாளில் நான்கு முறை எழுதுவதைவிட இது நிற்கும்.

ஐந்தாம் படி: ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம்

கடைசி இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு முழு வினாத்தாளையாவது கடிகாரம் வைத்து எழுதுங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்; கடிகாரம் பார்க்கச் செல்போன்தான் வேண்டும் என்பது சாக்கு. 180 நிமிடத்தில் 75 மதிப்பெண் என்றால் மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு மதிப்பெண் பகுதிக்குப் பத்து நிமிடம், ஏழு மதிப்பெண் வினாவுக்குப் பதினேழு, பத்து மதிப்பெண் வினாவுக்கு இருபத்து நான்கு என்று வைத்தால் சரிபார்க்கப் பத்து நிமிடத்துக்கு மேல் மிஞ்சும். தெரிந்த வினாவுக்கு ஆறு பக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பத்து மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கத்தோடு எழுந்து வருபவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். கையும் வலிக்கும், அதுவும் இப்போதே பழகட்டும்.

தேர்வு நாள்

முந்தின இரவு புதிய பாடம் எதையும் தொடாதீர்கள். சிவப்பு மை வரிகளை மட்டும் புரட்டிவிட்டுத் தூங்குங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் வழக்கமான பஸ்ஸுக்கு ஒரு பஸ் முன்னால் ஏறுங்கள். விடைத்தாளில் வினா எண்ணை வினாத்தாளில் உள்ளபடியே எழுதுங்கள். ‘அ’ எழுதினீர்களா ‘ஆ’ எழுதினீர்களா என்று திருத்துபவர் ஊகிக்க மாட்டார். முடிந்ததும் வாசலில் நின்று விடைகளை ஒப்பிடும் கூட்டத்தில் சேராமல் அடுத்த தாளுக்குப் போய்விடுங்கள். ஹால் டிக்கெட் வந்த அன்றே ஒவ்வொரு தேர்வும் காலையிலா பிற்பகலிலா என்று பார்த்து, அம்மாவிடமோ அறைத் தோழரிடமோ சொல்லி வையுங்கள். பிற்பகல் என்று நினைத்துக் காலைத் தேர்வைத் தவறவிட்டால், அந்தத் தாளை அடுத்த செமஸ்டரில்தான் எழுத வேண்டியிருக்கும்.