ஒரு பக்கத்தைக் காட்டிப் புத்தகத்தைத் தூக்க வந்தால்

சாத்தூரில் நான் ஐந்தாவது படிக்கும்போது, அண்ணன் சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸ் அத்தனையும் வெந்நீர் அடுப்புக்குள் போனது. அப்பா ஒன்றையாவது புரட்டிப் பார்த்தாரா என்றால் இல்லை. ஒரு அட்டையில் துப்பாக்கி இருந்தது. அவருக்கு அது போதும். முப்பத்தைந்து வருடம் கழித்து, டெக்சாஸில் டாலஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில், பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒருவர் ஒரு ஜெராக்ஸ் தாளைத் தூக்கிப் பிடித்தார். எனக்கு அந்த அடுப்புப் புகைதான் ஞாபகம் வந்தது.

அது, இரானில் வளர்ந்த தன் கதையை மர்ஜான் சத்ரபி வரைந்த 'பெர்சபோலிஸ்' என்ற காமிக்ஸில் ஒரு பக்கம். அந்தப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஒரு மனிதனைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்ட படம் அதில் இருக்கிறது. என் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் புத்தகம் அடுக்கித் தருவது என் வழக்கம். அதனால் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. அதற்கப்புறம் சில பெற்றோர் சேர்ந்து செய்ததையும், செய்யத் தவறி நொந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை.

முதல் வேலை, புத்தகத்தை முழுதாகப் படிப்பது. வாட்ஸ்அப் குழுவில் கொதிப்பது அல்ல. நான் முதல் நாள் கொதித்தேன், ஒரு பயனும் இல்லை. காமிக்ஸுக்கு வருகிற வம்பு மற்றப் புத்தகங்களுக்கு வருவது போல இல்லை. நாவலில் ஒரு கொலை இருந்தால் யாராவது உட்கார்ந்து அதை வாசித்துக் காட்ட வேண்டும். படக்கதையில் ஒரு கட்டத்தைத் தூக்கிப் பிடித்தால் மூன்று நொடியில் அறை முழுக்க முகம் சுளிக்கும். 1954இல் நியூயார்க்கில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியபோதும் இதுதான் நடந்தது. கோடரியும் வெட்டிய தலையும் வரைந்த ஒரு அட்டையை செனட்டர் கீஃபாவர் எடுத்துக் காட்டி, இது ரசனையா என்று கேட்டார். பதிப்பாளர் பில் கெய்ன்ஸ், திகில் காமிக்ஸ் அட்டைக்கு ஆமாம் என்றார். அந்தப் பதிலை அவர் ஆயுசுக்கும் விட்டுவைக்கவில்லை ஊர். அதே வருடம் பயந்துபோன பதிப்பகங்கள் தாங்களே 'காமிக்ஸ் கோட்' என்று ஒரு தணிக்கையை ஏற்படுத்திக்கொண்டன. 2011இல்தான் அது முழுசாக ஓய்ந்தது.

2022இல் டென்னசி மாநிலத்து மெக்மின் பள்ளி வாரியத்தில் பத்துக்குச் சுழி என்ற வாக்கில் 'மவுஸ்' என்ற படக்கதை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து போனது. யூதப் படுகொலையைப் பற்றிய புத்தகம், 1992இல் புலிட்சர் வாங்கியது. சொன்ன காரணம் எட்டு வசைச்சொல்லும் ஒரு நிர்வாணப் படமும். அந்தப் படம் என்ன தெரியுமா? தற்கொலை செய்துகொண்ட தாய் குளியல் தொட்டியில் கிடக்கும் ஒரு சின்னக் கட்டம்.

ஆகவே உங்கள் வேலை, பிய்த்தெடுத்த பக்கத்தைத் திரும்பப் புத்தகத்துக்குள் ஒட்டுவது. எதிர்த்தரப்பு காட்டும் பக்கத்துக்கு முன்னால் நாலு பக்கம், பின்னால் நாலு பக்கம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பெர்சபோலிஸில் அந்த வெட்டுண்ட உடலைப் பாருங்கள்: ரத்தம் இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு, உடைந்த பொம்மை மாதிரி. ஏனென்றால் சிறையிலிருந்து வந்தவர்கள் பெற்றோரிடம் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒரு சிறுமியின் கற்பனை அது. அவளுக்கு வெட்டுப்பட்ட உடல் எப்படி இருக்கும் என்று தெரியாது. அடுத்த பக்கங்களில் பிள்ளைகள் சித்திரவதையையே விளையாட்டாக விளையாடுகிறார்கள். இதைத்தான் நான் கூட்டத்தில் சொன்னேன். முதல் தடவையாக ஒரு வாரிய உறுப்பினர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் காகித வேலை. அநேகமாக எல்லாப் பள்ளி மாவட்டத்திலும் நூலகப் புத்தகத்தை மறுபரிசீலனை செய்யக் கோரும் படிவமும், அதற்கான கொள்கையும் இருக்கும். டெக்சாஸ் பள்ளி மாவட்டங்களின் இணையதளத்தில் இஎஃப்பி (EFB) என்ற குறியீட்டில் தேடுங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை பாருங்கள்: யார் புகார் கொடுக்கலாம், யார் முடிவெடுப்பார்கள், முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியில் இருக்குமா. எங்கள் விஷயத்தில் படிவம் நிரப்புவதற்கு முன்பே புத்தகம் அலமாரியை விட்டுக் காணாமல் போயிருந்தது. யார் சொல்லி எடுத்தார்கள் என்று வாயால் கேட்டால் எல்லோரும் சிரித்து மழுப்புவார்கள். பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள்; பத்து வேலை நாளுக்குள் ஆவணம் தர வேண்டும், அல்லது எப்போது தருவோம் என்று தேதி சொல்ல வேண்டும்; தராமல் மறுக்க வேண்டுமானால் அதே கெடுவுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு மின்னஞ்சல் சங்கிலி. எழுதியவர்களில் ஒருவரும் புத்தகத்தைத் திறந்ததாக அதில் தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதே சட்டம் உங்கள் பக்கமும் பாயும். நூலகருக்குப் பள்ளி மின்னஞ்சலில் ஆவேசமாக எழுதாதீர்கள், அதையும் யாராவது கேட்டு வாங்குவார்கள். அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். அவரை முன்னே தள்ளிவிட்டு நாம் பின்னால் நிற்பது பாவம். என்ன உதவி வேண்டும் என்று நேரில் கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி.

கூட்டத்தில் பேசுவது பற்றி. முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயம் பற்றிப் பேச வந்தவரை டெக்சாஸில் வாரியம் பேசவிட்டாக வேண்டும், 2019இலிருந்து சட்டம் அப்படி. எங்கள் வாரியத்தில் கிடைப்பது மூன்று நிமிடம், கூட்டம் அதிகமென்றால் ஒன்று. எனக்கு ஒன்றுதான் கிடைத்தது. நான் எழுதி வைத்திருந்ததோ மூன்று நிமிடப் பேச்சு. இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். அரசியல் சாசனத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், தூங்கிவிடுவார்கள். "என் மகள் இங்கே பத்தாவது படிக்கிறாள்" என்று தொடங்குங்கள். உச்சரிப்பு பற்றிக் கூச்சம் வேண்டாம். எனக்கு முன்னால் பேசியவரின் டெக்சாஸ் இழுவை எனக்கே புரியவில்லை.

நம் ஆட்களுக்கு விசா பயம் உண்டு. பேச்சுரிமை பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை, குடியுரிமை இல்லாதவரும் கூட்டத்தில் பேசலாம். ஆனாலும் இன்றைய நிலைமையில் தயங்குகிறவரை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். கடிதம் எழுதலாம், பேசுகிறவரின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். என் பேச்சன்று என் பையனுக்குப் பக்கத்து வீட்டு அக்காதான் தோசை ஊற்றிக் கொடுத்தார்.

வழக்குப் போடுவோம் என்று மிரட்டாதீர்கள். ஆபாசம் எது என்பதற்கு 1973இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் படைப்பை முழுமையாகப் பார்க்கச் சொல்கிறது. அது நமக்குச் சாதகம், சொல்லலாம். 1982இல் அதே நீதிமன்றத்துக்கு வந்த பிகோ வழக்கில், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக்கூடாது என்று சில நீதிபதிகள் எழுதினார்கள், ஆனால் அதற்குப் பெரும்பான்மை சேரவில்லை. டெக்சாஸ் அடங்கிய ஐந்தாவது வட்ட நீதிமன்றம் 2025இல் லானோ என்ற ஊர்ப் பொது நூலக வழக்கில், நூலகம் புத்தகத்தை எடுத்ததை எதிர்க்கத் தகவல் பெறும் உரிமையைக் காட்ட முடியாது என்று சொல்லி வாசகரின் கதவை மூடிவிட்டது. எங்களுக்கு மிஞ்சியது கொள்கைப் படிவமும் வாரியத் தேர்தலும்தான். வாரியத் தேர்தலில் ஓட்டுப் போட வருபவர்கள் சொற்பம். பொங்கல் விழாவுக்கு வரும் குடியுரிமைக்காரர்கள் பாதிப் பேர் போய் நின்றாலே தெரியும்.

தனியாகத் தவிக்க வேண்டாம். அமெரிக்க நூலகச் சங்கத்தின் அறிவுச் சுதந்திர அலுவலகத்தில் நடந்ததைப் பதிவு செய்யுங்கள், யோசனை சொல்வார்கள். காமிக்ஸுக்கென்றே இருப்பது காமிக் புக் லீகல் டிஃபென்ஸ் ஃபண்ட். 1986இல் இலினாய் மாநிலத்தில் ஒரு காமிக்ஸ் கடை மேலாளரைக் கைது செய்ததிலிருந்து பிறந்த அமைப்பு. வழக்குச் செலவுக்குப் பதிப்பாளர் டெனிஸ் கிச்சன் பணம் திரட்டினார், மேல்முறையீட்டில் மேலாளர் விடுதலை. பழைய காமிக்ஸ் கோட் முத்திரையின் உரிமை இப்போது இவர்களிடம்தான் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. இருபது டாலர் கொடுத்தாலும் வரிக்கழிவு உண்டு.

எல்லாப் புத்தகத்துக்கும் இப்படி மல்லுக்கு நிற்பேனா? மாட்டேன். பெர்சபோலிஸை ஆரம்பப் பள்ளியில் வைத்திருந்தால் நானே நகர்த்தச் சொல்வேன். என் பையன் எட்டு வயது, அவனுக்கு இன்னும் கொடுக்கவில்லை. பல பள்ளிகளில் உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஒரு புத்தகம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வழி உண்டு. எதிர்த்தரப்பு அம்மாவிடம் நான் இதைச் சொன்னபோது அப்படி ஒரு தாள் இருப்பதே அவருக்குத் தெரியாது என்றார். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

ஐந்து வாரம் கழித்து மறுபரிசீலனைக் குழு முடிவு சொன்னது: புத்தகம் இருக்கலாம். அதோடு விட்டுவிடாதீர்கள். நூலகங்களில் யாரும் எடுக்காத புத்தகத்தை வருடா வருடம் களைவார்கள், அதற்குப் புகாரே தேவையில்லை. எனவே யாராவது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் நாலு பேர் முறை வைத்திருக்கிறார்கள். போன மாதம் முறைக்காரன் புத்தகத்தை எங்கே வைத்தான் என்று மறந்துவிட்டான். கிரிக்கெட் பை வரைக்கும் தேடிவிட்டோம்.