நெல்லிக்காய் எண்ணெயும் முடியின் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெய் தேய்த்துப் பத்தே நாளில் "முடி கொட்டுவது நிற்கவில்லை" என்று பாட்டிலை ஒதுக்குவதும், "நின்றேவிட்டது" என்று கொண்டாடுவதும் ஒரே தவறுதான். தலைமுடி வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டு. பிறகு வேர் சுருங்க 2, 3 வாரம். ஓய்வு ஏறக்குறைய 3 மாதம், அது முடிந்ததும் உதிரும். இன்று சீப்பில் கொத்தாக வருவது, 2, 3 மாதத்துக்கு முன் காய்ச்சலிலோ பிரசவத்திலோ ஓய்வுக்குப் போன முடி. அதை எந்த மூலிகையும் பிடித்து நிறுத்தாது. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே. வளர்ச்சியும் மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். எனவே 4 முதல் 6 மாதமாவது பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், வகிட்டைப் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது, நெல்லியின் ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தால் செல்கள் கெடாமல் காக்கும் பொருள்) எல்லாம் எண்ணெயில் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை. நெல்லியின் வைட்டமின் சி நீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. சாற்றைக் கொதிக்கவிட்டால் சூட்டில் ஒரு பங்கு அழியும், மிச்சம் கசடோடு வடிகட்டியில் தங்கும். இரும்புச் சட்டியில் வரும் கறுப்பு, துவர்ப்பைத் தரும் டானின் இரும்போடு சேர்ந்ததால் வந்த நிறம். வீரியத்துக்கு அத்தாட்சி அல்ல. நெல்லிக்காயைச் சாப்பாட்டோடு கடித்துத் தின்பதே மேல்: கீரை, பருப்பின் இரும்புச்சத்தை உடல் நன்றாக உறிஞ்சும். இரும்புக் குறைவும் முடி உதிர்வுக்கு ஒரு காரணமாகலாம்.

எண்ணெய் காய்ச்சியே தீருவேன் என்றால், கறிவேப்பிலையையும் கரிசலாங்கண்ணியையும் நிழலில் ஈரம் போக உலர்த்தி, சிறுதீயில், சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சுங்கள். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். வெயில் படும் அலமாரியில் வைத்தால் சிக்கு வாடை வரும்; அந்த வாடையே எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதன் அடையாளம், அதைத் தலையில் தேய்ப்பது வேடிக்கை. பொடுகு உள்ளவர்கள் இரவு முழுக்க ஊறவிட வேண்டாம். பொடுகுப் பூஞ்சைக்கு எண்ணெயின் கொழுப்பே தீனி.

முடிக்காகக் கிரீன் டீ குடிப்பவர்களுக்கு: அதிலுள்ள கேட்டசின்கள் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் முடிவேர்ச் செல்களைத் தூண்டியது ஆய்வகத் தட்டில். சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு உறிஞ்சுவதைத்தான் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். அதன் சாறு அடைத்த மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன.

"முடிக்கான" மாத்திரைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து விழுங்குவதும் கூடாது: வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் மிகுந்தால் முடியே கொட்டும். இத்தகைய மாத்திரைகளில் வரும் பயோட்டின் என்ற பி வைட்டமினைச் சாப்பிடுபவர்கள் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது பரிசோதனை முடிவைப் பிசகவைக்கும்.