மூன்று நாளில் சிறுகதை: தெரியாத இடத்தில் ஃஃ

போன வைகாசியில் ஒரு சிறுகதைப் போட்டி, 1500 சொற்கள். எனக்குத் தெரியவந்தபோது முடிவுத் திகதிக்கு மூன்று நாள்தான். எப்படி முடித்தாய் என்று கேட்டவர்களுக்காக இது. கரு எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், அது உங்கள் பாடு.

முதல் நாள்: ஒரே இடம், ஒரே இரவு, இரண்டு பேர். 1500 சொல் அதற்கு மேல் தாங்காது. என் கதையில் திருக்குளிர்த்தி இரவு (கண்ணகி அம்மன் கோயில் சடங்கு முடியும் இரவு), கோயில் வீதியில் ஒரு தாயும் மகனும். கடைசிக் காட்சியை முதலில் எழுதுங்கள், அதுவும் சி.ஆர். கொப்பியில். திரையில் என்றால் அழித்து அழித்து முதல் பந்தியிலேயே விடிந்துவிடும்.

இரண்டாம் நாள்: நான் விழுந்தது இங்கேதான். அந்தச் சடங்கு தொடங்கும் கதவு திறத்தலுக்கும், கண்ணகி கலியாணத்துக்குக் கல்யாணக்கால் நடுவதற்கும் இடையில் எத்தனை நாள்? பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவ ஒரு கணக்குச் சொன்னா, மாமா இன்னொன்று சொன்னார். கோயிலுக்குக் கோயில் வேறாம். அப்புறம் பேச்சு யாரோ வீட்டுக் கலியாணத்துக்குப் போய்விட்டது. பின்னேரம் முழுக்கப் போச்சு, கதை ஒரு வரி நகரவில்லை.

இப்போது தெரியாத இடத்தில் ஃஃ போட்டுத் தாண்டிவிடுகிறேன்: "கதவு திறந்து ஃஃ நாள் கழித்து". பழைய செய்யுளில் அளபெடையாக வந்தாலும், இன்றைய உரைநடையில் இரண்டு ஆய்தம் சேர்ந்து வராது. பிறகு தேடினால் ஓட்டைகள் மட்டும் அகப்படும். எனக்குப் பதினொன்று அகப்பட்டன. ஏழு, கதைக்குத் தேவையே இல்லாத வரிகள். வெட்டினேன். அந்த நாள் கணக்கும் அதில் ஒன்று!

மூன்றாம் நாள்: கொப்பியை வாய்விட்டு வாசித்து, ஜீபோர்டில் குரல் தட்டச்சு. உளறல் வரிகள் அப்போதே காதில் இடறும். ஆனால் என் "மறுகா" (எங்கள் பேச்சில் 'பிறகு') ஒவ்வொரு தடவையும் "மறுக்க" ஆனது. அம்மா பேசும் வரிகளைக் கையால்தான் அடித்தேன்.

பிற்சேர்க்கை: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய ஒருவர், "ஃ தேடினால் கண்ட இடமெல்லாம் வருகுதே" என்று எழுதியிருந்தார். பாமினியில் சரிவுக்கோட்டு விசையில்தான் ஃ இருக்கிறது. பாடசாலைப் பெயரில் மட்டக்களப்பைக் குறிக்கும் "மட்/" என்பது மாற்றியதும் "மட்ஃ" ஆகிவிடும். ஆகவே இரண்டு ஆய்தத்தையும் சேர்த்தே தேடுங்கள். ஒற்றை ஃ எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கோடாக்கிவிடவும் வேண்டாம். அவருடைய கதையில் இப்போது "/பேன்" சுற்றுகிறதாம்.