வாட்ஸ்அப்பில் பலகார விளம்பரம்: ஸ்பேம் ஆகாமல் அனுப்புவது எப்படி?

வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், லட்டு செய்து விற்பவர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில்தான் ஆண்டின் பெரும்பகுதி வியாபாரம் நடக்கிறது. அந்த நேரத்தில் கைப்பேசியில் உள்ள எண்களுக்கெல்லாம் விலைப்பட்டியலை அனுப்பிவிடத் தோன்றுவது இயல்பே. அனுப்பும் முன் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் இந்த எண்ணை யாரிடம், எதற்காகக் கொடுத்தார்? முறையான விளம்பரம் எங்கே முடிந்து ஸ்பேம், அதாவது கேட்காதவர்களுக்கு அனுப்பும் தொல்லைச் செய்தி, எங்கே தொடங்குகிறது என்பதை இந்தக் கேள்விக்கான விடையே காட்டிவிடும்.

படி 1: எண்களைப் பிரித்தெடுங்கள்

ஆர்டர் நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த எண் எப்படி வந்தது என்று எழுதுங்கள். "விலை கேட்டு அவரே அழைத்தார்", "சென்ற ஆண்டு வாங்கினார்", "அடுக்ககக் குழுவிலிருந்து எடுத்தது", "பள்ளிப் பெற்றோர் குழு" என்று குறித்தாலே போதும். முதல் வகையினருக்கு விலைப்பட்டியலைத் தாராளமாக அனுப்பலாம். கடைசி இரண்டு வகையினரும் தண்ணீர் லாரி வரும் நேரத்தையோ பிள்ளையின் வீட்டுப்பாடத்தையோ அறிந்துகொள்ளத்தான் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள் என்பதால், அவர்களுடைய எண்களை அங்கிருந்து எடுத்துத் தனியே செய்தி அனுப்புவது, எவ்வளவு பணிவான சொற்களில் எழுதினாலும், ஸ்பேம்தான். அந்தக் குழுவில் விளம்பரத்துக்கு இடமுண்டா என்று நிர்வாகியிடம் கேட்டு, அவர் அனுமதித்தால் குழுவிலேயே ஒரு முறை பதிவிடலாம். ஆயிரக்கணக்கான எண்களைச் சொற்ப விலைக்குத் தருவதாகச் சொல்பவர்களை அண்டவே விடாதீர்கள்.

படி 2: அனுமதி கேளுங்கள்

முன்பு வாங்கியவர்கள் இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்கள் எண்ணைக் கொடுத்தது அந்த ஓர் ஆர்டருக்காகத்தான். எனவே அவர்களுக்குப் படமும் விலையும் இல்லாத சிறு செய்தி ஒன்றை மட்டும் முதலில் அனுப்புங்கள்:

"வணக்கம். சென்ற தீபாவளிக்கு எங்களிடம் கை முறுக்கும் ரவா லட்டும் வாங்கினீர்கள். இந்த ஆண்டின் விலைப்பட்டியலை உங்களுக்கு அனுப்பலாமா? 'அனுப்புங்கள்' என்று பதில் வந்தால் மட்டுமே அனுப்புவேன்."

இதில் கடைசி வரிதான் முக்கியம். "வேண்டாம் என்றால் சொல்லுங்கள்" என்று எழுதினால், மறுப்பதற்கான சிரமம் அவர் தலையில் விழுகிறது; முகத்தாட்சண்யம் பார்க்கும் நம் ஊரில் பலர் மறுக்காமல் சகித்துக்கொண்டு, பிறகு சத்தமின்றி பிளாக் செய்துவிடுவார்கள். பதில் வராவிட்டால் அதை மறுப்பாகவே கொள்ளுங்கள், நினைவூட்ட வேண்டாம்.

படி 3: குழு வேண்டாம், பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும்

வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரே குழுவில் சேர்ப்பது புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு. குழுவில் சேர்ந்த அனைவருடைய எண்ணும் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். உங்களை நம்பி எண் கொடுத்த ஒரு பெண்ணுக்கு முன்பின் தெரியாத ஒருவர் நள்ளிரவில் "ஹாய்" அனுப்பினால், அதற்கு வழி திறந்துவிட்டவர் நீங்கள்தான். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதியான பிராட்காஸ்ட் லிஸ்டில் இந்தத் தொல்லை இல்லை: ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இந்தக் கடைசி விதியைக் குறையென்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது இலவசமாகக் கிடைத்த சல்லடையாகவே படுகிறது. இதைத் தாண்டுவதற்காக மொத்தமாகச் செய்தி அனுப்பும் மென்பொருள்களை நாடுவது வாட்ஸ்அப்பின் விதிகளுக்குப் புறம்பானது. பலர் புகார் செய்தால் எண்ணே முடக்கப்படலாம், அதுவும் ஆர்டர் குவியும் வாரத்தில்.

படி 4: செய்தியை எழுதுங்கள்

யார் அனுப்புகிறார், என்ன பலகாரம், கிலோ என்ன விலை, ஆர்டருக்குக் கடைசி நாள் எது, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண் என்ன என்பவை இருந்தால் போதும். "இன்று மட்டுமே" என்று எழுதிவிட்டு மறுநாளும் அதே விலைக்கு விற்காதீர்கள். பண்டிகைக்கு முன் பட்டியலை ஒரு முறையும், ஆர்டர் முடியும் தறுவாயில் ஒரு முறையும் அனுப்பலாம். அன்றாடம் காட்ட விரும்பும் படங்களை ஸ்டேட்டஸில் வையுங்கள், விரும்புபவர்கள் தாமே திறந்து பார்ப்பார்கள்.

படி 5: எஸ்எம்எஸ், தொலைபேசி அழைப்பு

இவற்றுக்கு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் உள்ளன. விளம்பர எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வடிவத்தையும் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரிசையாக விளம்பர அழைப்புகள் விடுத்தால், பெறுபவர் 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். சிறு வியாபாரத்துக்கு எஸ்எம்எஸ், அழைப்பு விளம்பரமே தேவைப்படாது என்பதே என் கருத்து.

படி 6: விலக விரும்புபவரை விடுங்கள்

அனுமதி தருவது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதே அளவுக்கு அதைத் திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ள நெறி. ஆகவே "போதும்" என்று ஒருவர் எழுதினால், காரணம் கேட்காமல், "சரி, இனி அனுப்ப மாட்டேன்" என்று பதிலளித்து, அப்போதே பட்டியலிலிருந்து அவரை நீக்குங்கள். ஆனால் ஆர்டர் நோட்டில் அவர் பெயரை அடித்துவிடாமல், பக்கத்தில் சிவப்பு மையில் "அனுப்பக் கூடாது" என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால், அடுத்த ஆண்டு பழைய பில்களையும் கைப்பேசியையும் பார்த்துப் புதுப் பட்டியல் போடும்போது அதே எண் மீண்டும் உள்ளே வந்துவிடும்.