ஈர்க்குக் கட்டும் புளியங்கொட்டையும்: பிள்ளைகளுக்கான கணிதக் கருவிகளை வீட்டில் செய்யும் முறை

தரம் 1 இலும் 2 இலும் படிக்கும் பிள்ளைக்கு எண்ணவும் கூட்டவும் கழிக்கவும் பழக்குவதற்குக் கடையில் விற்கும் பிளாஸ்ரிக் மணிச்சட்டம் கட்டாயம் இல்லை. வன்னியில் தென்னையும் புளியும் நிற்கும் வளவு ஒன்றிலேயே அதற்கு வேண்டிய பெரும்பாலான பொருட்கள் கிடைத்துவிடும். மிஞ்சியவை ஒரு பழைய சைக்கிள் ரியூப்பும் இரண்டு முட்டைத் தட்டுகளும் மட்டுமே. ஆனால் பெரியவர்கள் எல்லாவற்றையும் அழகாகக் கட்டி முடித்துக் கொடுத்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும். வெட்டுவதும் தேய்ப்பதும் எங்கள் வேலை. கட்டுவதும் அவிழ்ப்பதும் பிள்ளையின் வேலை.

முதலில் ஈர்க்கு. விளக்குமாறு கட்டுவதற்குத் தென்னோலையிலிருந்து ஈர்க்கு எடுக்கும் நாளில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்து, மெல்லிய நுனிப் பகுதியை நீக்கிவிட்டு, தடித்த பகுதியைப் பத்துச் சென்ரிமீற்றர் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். வெட்டிய முனை கையில் குத்தும் என்பதால் இரு பக்கத்தையும் அரத்தாளிலோ சீமெந்துத் தரையிலோ உரசி மழுக்க வேண்டும். நூறு துண்டுகள் தேவை; தொலைவதற்கென்று இருபது கூடுதலாக வெட்டிக்கொள்வது நல்லது. கட்டுவதற்குக் கடையில் வாங்கும் இறப்பர் வளையங்கள் எங்கள் வெயிலில் விரைவாகவே பிசுபிசுத்து அறுந்துவிடும். கைவிட்ட சைக்கிள் ரியூப்பை அரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் குறுக்காக வெட்டினால், ஆண்டுக்கணக்கில் உழைக்கும் வளையங்கள் கிடைக்கும். சிறு விரல்களால் அதை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்ற முதலில் சிரமமாக இருக்கும். அந்தச் சிரமத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

பிள்ளை பத்து ஈர்க்குகளை எண்ணி வளையம் போட்டதும் அதற்கு "ஒரு பத்து" என்று பெயர். இரண்டு கட்டுகளையும் மூன்று தனி ஈர்க்குகளையும் பாயில் வைத்தால் இருபத்து மூன்று. இவ்விடத்தில் தமிழ் எங்களுக்குப் பெரிய உதவி செய்கிறது: பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும், இருபத்து மூன்று என்ற சொல்லுக்குள் இரு பத்தும் மூன்றும் வெளிப்படையாகவே இருப்பதால், காதால் கேட்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. எண்பத்தொன்பது வரை இந்த ஒழுங்கு குலைவதில்லை. அதற்கு அடுத்த எண்ணில்தான் சொல் எங்களைக் கைவிடுகிறது. தொண்ணூறு என்ற சொல்லின் வாலில் "நூறு" ஒலிப்பதால், அது நூறைத் தாண்டிய ஏதோ ஓர் எண் என்று நினைக்கும் பிள்ளைகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பின்னாளில் தொள்ளாயிரமும் ஆயிரத்தை வைத்து இதே குழப்பத்தைத் தருகிறது. விளக்கம் சொல்லி இதைத் தீர்க்க முயல வேண்டாம். ஒன்பது கட்டுகளைப் பிள்ளையின் முன் வைத்து, நூறு ஆவதற்கு இன்னும் எத்தனை கட்டு வேண்டும் என்று கேளுங்கள். பத்தாவது கட்டும் வந்த பிறகே எல்லாவற்றையும் ஒரு பெரிய ரியூப் வளையத்துக்குள் சேர்த்துக் கட்ட விடுங்கள். அந்தக் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு ஓர் இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் பெறுமதி மாறுவதைக் குறிக்கும் இடப்பெறுமானம் என்ற சொல் பின்னர் வந்தாலும் புதிதாக இருக்காது.

கழித்தலுக்கும் இதே கட்டுகள்தான். முப்பத்திரண்டிலிருந்து ஏழை எடுக்கச் சொன்னால், மூன்று கட்டுகளுக்குப் பக்கத்தில் தனியாக இரண்டு ஈர்க்குகள் மட்டுமே கிடப்பதைப் பார்த்துப் பிள்ளை திகைக்கும். பொறுத்திருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அதன் கை ஒரு கட்டின் வளையத்தைத் தேடிப் போகும். அவிழ்த்தால் தனி ஈர்க்குகள் பன்னிரண்டு; ஏழை எடுத்தால் ஐந்து; மிகுதி இரண்டு கட்டுகளும் ஐந்தும், அதாவது இருபத்தைந்து. இதைப் "பக்கத்து வீட்டில் கடன் வாங்குதல்" என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டபோது என்னிடம் விடை இருக்கவில்லை. கட்டை அவிழ்த்தல் என்று சொன்னால் போதும், நடப்பதும் அதுதான்.

அடுத்தது புளியங்கொட்டை. நன்கு முற்றிய பத்துக் கொட்டைகளைக் கழுவி உலர்த்தி, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான சீமெந்தில் சிறிது தண்ணீர் விட்டு, உள்ளே இருக்கும் வெண்மை தெரியும்வரை தேயுங்கள். தாயம் விளையாடியவர்களுக்கு இந்த வேலை பழக்கமானதே. தண்ணீரில்லாமல் தேய்த்தால் கொட்டை எவ்வளவு சூடேறும் என்பதை, பக்கத்தில் இருந்தவரின் கையில் சூடு வைத்து விளையாடிய எவரும் மறந்திருக்க மாட்டார். இப்போது ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. பத்தையும் ஒரு சிரட்டைக்குள் போட்டுக் குலுக்கிப் பாயில் கொட்டி, வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். ஆறும் நாலும், ஏழும் மூன்றும், ஐந்தும் ஐந்தும் என்று விழுந்துகொண்டே இருக்கும்; மொத்தம் மட்டும் மாறுவதில்லை. சில நாட்களில் பிள்ளை வெள்ளையை மட்டும் எண்ணிவிட்டுக் கறுப்பை எண்ணாமலே சொல்லத் தொடங்கும். அப்போது கறுப்புக் கொட்டைகளைச் சிரட்டையால் மூடிவிட்டு உள்ளே எத்தனை என்று கேட்பதுதான் அடுத்த படி. என்றாவது ஒரு நாள் பத்தும் வெள்ளையாக விழுந்தால், சிரட்டைக்குள் பூச்சியம் இருக்கிறது என்பதைப் பிள்ளையே கண்டு சிரிக்கும்.

விதை பொறுக்கும்போது இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி பார்க்க அழகானது. ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படியே. இரண்டையும் வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். மூக்கிலும் வாயிலும் எதையும் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டையையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மற்றது, விதை தேடிப் பிள்ளைகளைத் தனியே பற்றைக்குள் அனுப்பாதீர்கள். போர் விட்டுச்சென்ற வெடிபொருட்கள் இன்னும் முழுவதுமாக அகற்றப்படாத இடங்கள் வன்னியில் இருப்பதால், தரையில் கிடக்கும் எந்த உலோகத்தையும் தொடக்கூடாது என்பதை இந்த வேலைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

முட்டைத் தட்டில் நிரைக்கு ஐந்தாக ஆறு நிரைகள், மொத்தம் முப்பது குழிகள். இரண்டிரண்டு நிரைகளாக வெட்டினால் பத்துக் குழி கொண்ட மூன்று துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டில் ஏழு கொட்டைகளை வைத்தால் ஒரு நிரை நிறைந்து, அடுத்ததில் இரண்டு நிற்க, மூன்று குழிகள் வெறுமையாக இருப்பதை எண்ணாமலே காணலாம். எட்டையும் ஐந்தையும் கூட்டுவதற்கு இரு துண்டுகளை அருகருகே வைத்து, ஐந்திலிருந்து இரண்டை நகர்த்தி எட்டைப் பத்தாக்கச் செய்யுங்கள். மிகுதி மூன்று, விடை பதின்மூன்று. இரண்டாவது தட்டை வெட்டாமல் வைத்திருந்தால் பெருக்கல் வாய்ப்பாடு தொடங்கும்போது உதவும்: ஆறு ஐந்து முப்பது, தட்டைத் திருப்பி வைத்தால் ஐந்து ஆறு முப்பது.

அளவைகளுக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. அரிசி அளக்கும் பாத்திரங்களான சுண்டையும் கொத்தையும், கூடவே மணலையும் கொடுத்து, ஒரு கொத்துக்கு எத்தனை சுண்டு என்று பிள்ளையே அளந்து பார்க்க விடுங்கள். விடையை முந்திச் சொல்லிவிடாதீர்கள். அரை, கால், அரைக்கால் ஆகியவற்றுக்குப் பழைய பத்திரிகைத் தாளை நீளமான நாடாவாக வெட்டி மூன்று முறை மடித்தால் போதும். ஓலை நறுக்கிலும் செய்து பார்த்தேன். காய்ந்ததும் மடிப்பில் வெடித்துவிடுகிறது.

நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதுமானது. பிள்ளை தான் செய்ததை வாயால் சொல்லத் தொடங்கிய பிறகே கொப்பியில் எழுதவிடுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5 இல்தான் வருகிறது. அதற்காக இப்போதே பயிற்சித்தாள்களை அடுக்கும் பெற்றோரின் அவசரம் எனக்கு விளங்கியதில்லை.

வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஓர் ஓலைப்பெட்டிக்குள் வைத்து, வண்டு அணுகாமல் சில வேப்பிலைகளையும் போட்டு மூடலாம். மூடுவதற்கு முன் கொட்டைகளைப் பிள்ளை எண்ண வேண்டும். எட்டுத்தான் இருக்கிறது என்றால், எத்தனை குறைகிறது என்பதைச் சொன்ன பிறகு பாயைத் தூக்கித் தேடத் தொடங்கலாம்.