வெப்பமானி இல்லாத காலத்து ஆப்பிள் பை: முதல் முறை செய்பவர்களுக்கு

ஆப்பிள் பை என்பது இரண்டு மாவு வட்டங்களுக்கு நடுவே ஆப்பிளை வைத்துச் சுடும் பண்டம். அதை விறகு அடுப்பில் சுட்ட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் வெப்பமானி கிடையாது. அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டி, எத்தனை எண்ணும் வரை சூடு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். சட்டென்று கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் பையை வைக்கலாம். நிதானமாக எண்ண முடிந்தால் இன்னும் இரண்டு விறகு. ஒரு சிட்டிகை மாவை உள்ளே தூவி, அது எவ்வளவு சீக்கிரம் பழுப்பாகிறது என்று பார்த்தவர்களும் உண்டு. அளவுகளும் அந்தக் கணக்குத்தான்: 'முட்டை அளவு வெண்ணெய்' என்றே குறிப்புகளில் இருக்கும். ஃபேனி ஃபார்மர் என்ற பாஸ்டன் சமையல் ஆசிரியை 1896-இல் புத்தகம் போட்டு, கோப்பையோ கரண்டியோ தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அதற்கப்புறம்தான் அந்த ஊர்க் குறிப்புகளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது.

நம் வீட்டு ஓ.டி.ஜி.யும் (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) கிட்டத்தட்ட அந்த விறகு அடுப்பு ஜாதிதான். திருகியில் 200 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால் உள்ளே 170-ம் இருக்கலாம், 220-ம் இருக்கலாம். அதனால் கீழே நிமிடக் கணக்கோடு அடையாளமும் சொல்கிறேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் அடையாளத்தையே நம்புங்கள்.

என்னென்ன வேண்டும்

8 அங்குலத் தட்டுக்கு இந்த அளவு. மேல்மாவுக்கு (பழத்துக்குக் கீழும் மேலும் வரும் மாவு) மைதா 250 கிராம், வெண்ணெய் 170 கிராம், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் ஐந்தாறு டேபிள்ஸ்பூன். உள்ளே வைக்க ஆப்பிள் ஒரு கிலோ, சர்க்கரை 100 கிராம், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) ஒன்றரை டேபிள்ஸ்பூன், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், அரை எலுமிச்சம்பழச் சாறு, துளி ஜாதிக்காய்ப் பொடி. உப்பு போட்ட மஞ்சள் வெண்ணெய்தான் கையில் இருக்கிறது என்றால் மாவில் உப்பை விட்டுவிடுங்கள்.

பட்டைக்கு எங்கும் அலைய வேண்டாம். அமெரிக்காவில் பைக்குப் போடுவது பெரும்பாலும் காசியா எனப்படும் தடித்த பட்டை. நம் மளிகைக் கடையில் பிரியாணிக்கு வாங்குவதும் அதுதான். மிக்ஸியில் பொடித்து, சலித்துக்கொண்டால் போதும். வீட்டில் எல்லோரும் பிரியாணி என்று நினைத்து அடுக்களைக்கு வந்து ஏமாறுவார்கள், அதற்குப் பொறுப்பு நானில்லை.

ஆப்பிள்

நாம் சிம்லா ஆப்பிள் என்று வாங்குவதில் பெரும்பகுதி டெலிஷியஸ் வகை. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் நூறு ஆண்டுகளுக்கு முன் ஹிமாச்சலின் கோட்கட் பகுதியில் கொண்டுவந்து நட்டது. வெறுமனே கடித்துத் தின்ன அருமையான பழம். பைக்கு அவ்வளவு சரிப்படாது. புளிப்பு குறைவு, சூட்டில் குழைந்துவிடும். பச்சை ஆப்பிள் என்று விற்கும் கிரானி ஸ்மித் புளிக்கும், வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். இது 1868 வாக்கில் சிட்னி பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியம்மாவின் தோட்டத்தில் தானாக முளைத்த ரகம். முழுக்கப் பச்சை ஆப்பிள் வாங்கினால் பர்ஸ் தாங்காது. பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். சிவப்பு மட்டும்தான் கிடைத்தது என்றால் எலுமிச்சையை முழுதாகப் பிழியுங்கள், சர்க்கரையில் இரண்டு ஸ்பூன் குறையுங்கள்.

தோல் சீவி, கால் அங்குலக் கனத்தில் வில்லைகளாக நறுக்கிச் சர்க்கரை, எலுமிச்சை, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் போட்டுப் பிரட்டி முக்கால் மணி நேரம் வையுங்கள். கிண்ணத்தின் அடியில் அரைக் கோப்பைக்கு மேல் சாறு இறங்கியிருக்கும். அதை மட்டும் வடித்து, சின்ன வாணலியில் பாகு மாதிரி ஆகும் வரை சுண்டவைத்துத் திரும்ப ஆப்பிளில் ஊற்றி, சோளமாவைத் தூவிக் கலக்குங்கள். இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். வடிக்காமல் வைத்தால் அந்தச் சாறு முழுவதும் அடுப்புக்குள் இறங்கி அடிமாவை நனைத்துவிடும். ஆப்பிள் சுருங்கி, மேல்மாவுக்கும் பழத்துக்கும் நடுவே பெரிய பொந்து விழும்.

மேல்மாவு

நமக்கு இடறுகிற இடம் இதுதான். சப்பாத்தி மாவை அடித்துப் பிசைந்து பழகிய கை, இங்கே சும்மா இருக்காது. மைதாவில் தண்ணீர் ஊற்றிப் பிசையப் பிசைய அதில் இழுவை கூடும். சப்பாத்திக்கு அது வேண்டும். பைக்கு அது வந்தால் மேல்மாவு பல்லுக்கு வேலை வைக்கும்.

வெண்ணெயைச் சின்னச் சதுரங்களாக வெட்டி ஃப்ரீசரில் கால் மணி நேரம் வையுங்கள். மைதா, உப்பு, சர்க்கரையைக் கலந்து, வெண்ணெயைப் போட்டு விரல் நுனிகளால் மட்டும் நசுக்கி உதிருங்கள். உள்ளங்கை படக் கூடாது, அங்கேதான் சூடு அதிகம். பாதி ரவை போலவும் பாதி பட்டாணி அளவுத் துண்டுகளாகவும் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். அந்தப் பட்டாணிகளில்தான் விஷயமே இருக்கிறது. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அடுப்பின் சூட்டில் அது ஆவியாகி மாவை அடுக்கடுக்காகத் தூக்கிவிடும். வெண்ணெய் முன்னாலேயே உருகி மாவோடு கலந்துவிட்டால் தூக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பண்ணை வீடுகளில் வெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பைத்தான் பெரும்பாலும் போட்டார்கள், அதிலும் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்புக்குத் தனி மதிப்பு. மேல்மாவு நன்றாக உதிரும், வாசனை வெண்ணெயில்தான்.

இனி ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, முள்கரண்டியால் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஒட்டி நிற்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்தால் பரவாயில்லை. பிசையாமல் அள்ளி அழுத்தி, ஒன்று சற்றுப் பெரிதாக இரண்டு வட்டங்களாகத் தட்டி, உறையில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். மே மாத வெயிலில் செய்வதென்றால் விடிகாலையில், அடுப்பு பற்றவைக்கும் முன் இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கிரானைட் மேடையோ கடப்பாக் கல்லோ இருந்தால் அதிர்ஷ்டம், அது தானே குளிர்ச்சியாக இருக்கும்.

தேய்த்து மூடுவது

சப்பாத்திக் கட்டையே போதும். பெரிய வட்டத்தை பட்டர் பேப்பர் மேல் வைத்து, நடுவிலிருந்து வெளியே தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். ஓரம் வெடித்தால் விரலால் ஒட்டுங்கள். மாவு பளபளக்க ஆரம்பித்தால் வெண்ணெய் இளகுகிறது என்று அர்த்தம். பிடிவாதம் பிடிக்காமல் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

தட்டு உலோகமாக இருக்கட்டும், சாய்வான விளிம்புள்ள அலுமினியத் தட்டோ கேக் டின்னோ. கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து நேராகச் சூட்டில் வைத்தால் விரிசல் விடும். தட்டில் மாவை விரித்து, ஆப்பிளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, நடுவில் குவித்து, இரண்டாவது வட்டத்தால் மூடி ஓரத்தை அழுத்தி மடியுங்கள். மேலே கத்தியால் நாலைந்து கீறல். ஆவி வெளியே போக வழி வேண்டும். பால் தடவிச் சர்க்கரை தூவலாம், தூவாமலும் இருக்கலாம்.

சுடுவது

ஓ.டி.ஜி.யின் மேல், கீழ் இரண்டு கம்பிகளையும் போட்டு, 220 டிகிரியில் இருபது நிமிடம் காயவிடுங்கள். அதற்குள் இருக்கும் ட்ரேயும் சேர்ந்தே காயட்டும். பையை அந்தச் சூடான ட்ரே மேல், கீழ்த்தட்டில் வைத்தால்தான் அடிமாவு வேகும். முதல் இருபது நிமிடம் 220, அப்புறம் 180-க்கு இறக்கி இன்னும் முப்பத்தைந்திலிருந்து ஐம்பது நிமிடம். இரும்பு விறகு அடுப்பில் நெருப்பு ஒரு பக்கமாகத்தான் எரியும், அதனால் பாதியில் பையைத் திருப்பி வைப்பார்கள். நம் ஓ.டி.ஜி.யிலும் பின்பக்கம் சூடு கூடுதல், நீங்களும் திருப்புங்கள். ஓரம் முந்திக்கொண்டு சிவந்தால் அலுமினியத் தாளால் அதை மட்டும் மூடுங்கள்.

எப்போது எடுப்பது? மேலே பொன்னிறமானதும் எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். கீறல்கள் வழியாகச் சாறு கெட்டியாக, சோம்பலாகக் கொப்புளிக்க வேண்டும். தண்ணியாகப் பொங்கினால் சோளமாவு இன்னும் வேகவில்லை. ஒரு கீறலில் கத்தியை விட்டுப் பாருங்கள், ஆப்பிளில் லேசாகத் தடை பட்டு இறங்கினால் சரி.

இனி மூன்று மணி நேரம் தொடக் கூடாது. சூட்டோடு வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் தட்டில் ஓடிவிடும். அந்தக் காலத்தில் இதற்கென்றே தனி அலமாரி இருந்தது. கதவில் துளையிட்ட தகரம் அடித்திருப்பார்கள். காற்று போகும், ஈயும் எலியும் போகாது.

பரிமாறுவதற்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. 1999-இல் ஆப்பிள் பையைத் தங்கள் மாநிலப் பையாக அறிவித்தபோது, அதோடு ஒரு டம்ளர் குளிர்ந்த பாலோ, குறைந்தது அரை அவுன்ஸ் செடார் சீஸோ, ஒரு பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீமோ தர மனதார முயல வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். சீஸ் எனக்குப் பிடிக்கும். வீட்டில் மற்றவர்கள் ஓட்டு ஐஸ்கிரீமுக்கே. வெர்மான்ட் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பக்கம் ஒரு காலத்தில் காலை உணவுக்கே பை சாப்பிட்டார்கள், அதனால் மிச்சமானதை மறுநாள் காலையில் தாராளமாக எடுக்கலாம். சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டாம், மேல்மாவு நமத்துவிடும். ஓ.டி.ஜி.யில் 160-இல் பத்து நிமிடம் வையுங்கள். அது இல்லையென்றால் தோசைக்கல்லில் சிம்மில் வைத்து மூடுங்கள்.