பாதத்தைத் தொட்டு இரத்த ஓட்டம் பார்ப்பது எப்படி?

குடியாத்தம் பக்கம் வார்டு நர்ஸ் நான். பல வருஷம் பீடி பிடித்து, கால் விரல் கறுத்துப்போய் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறும். அதனால் யார் வந்தாலும் போர்வையை விலக்கி இரண்டு பாதத்தையும் பார்த்துவிடுவேன்.

முதலில் முழங்காலிலிருந்து பாதம் வரை புறங்கையால் தடவுங்கள். வேலூர் மே மாத வெயிலிலும் ஒரு பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் சும்மா விடக்கூடாது. அப்புறம் நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடியில், மிஞ்சினால் 3 விநாடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். மருதாணி இருந்தால் விரல் நுனிச் சதையை அழுத்துங்கள். கறுப்புத் தோலில் வெளுப்பு சட்டென்று தெரியாது, உள்ளங்காலைப் பாருங்கள்.

நாடிக்குத்தான் பொறுமை வேண்டும். கால் பெருவிரலைத் தூக்கச் சொன்னால் பாதத்தின் மேல் தசைநாண் புடைக்கும். அதற்குச் சற்று வெளிப்பக்கம் விரல்களை மெல்ல வையுங்கள். அழுத்தினால் துடிப்பு அமுங்கிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அங்கே நாடி தட்டுப்படாது. அப்போது உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் தேடுங்கள். கிடைத்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தால் அடுத்த ஷிப்ட் சிஸ்டர் தடுமாற மாட்டார்.

திடீர் வலி, வெளுப்பு, மரத்துப்போதல், நாடி இல்லாமை என்றால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்தில் கால் போய்விடலாம். வெந்நீர் ஒத்தடம் மட்டும் வேண்டாம். மரத்த பாதத்துக்குச் சுடுவது தெரியாது.